மிஸ்ஸி, நான் படியேறினதாலயா?

அந்த அம்மா இதைக் கேட்டபோது இரவு இரண்டு மணி. மகனுக்கு 11 வயது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே வளர்ந்திருந்த கட்டியை மூக்கு வழியாக எடுத்து, அன்று சாயங்காலம்தான் எங்கள் தீவிர கவனிப்பு வார்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கோலாலம்பூரில் இந்த நர்ஸ் வேலைக்கு நான் வந்து பதினைந்து வருஷமாகிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மணிக்கொரு தரம் மூத்திரத்தை அளந்து எழுதுவோம். அந்த மணிக்குக் குடுவையில் 420 மில்லி. நிறமே இல்லை, குழாய்த் தண்ணீர் மாதிரி. டாக்டரைக் கூப்பிட்டேன், இரத்தத்தில் சோடியம் பார்த்துவிட்டு, மூத்திரப்போக்கைக் குறைக்கும் டெஸ்மோபிரெசின் மருந்தைப் போடச் சொன்னார்.

"இவன் வயித்துல இருக்கறது தெரியாம தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன் மிஸ்ஸி. பத்துமலையில 272 படி. பத்து நாள் தள்ளிப்போயிருந்திச்சு, வேலை அலைச்சல்னு விட்டுட்டேன்."

கரு உருவானபோதே மிச்சம் நின்றுபோன திசுவிலிருந்து வந்த கட்டி என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருக்கிறார். சரியான வார்த்தைதான். அதைத்தான் அவர் இத்தனை நாள் நெஞ்சில் சுமந்திருக்கிறார்.

முன்பெல்லாம் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று தோளைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறேன். அது யாருடைய பாரத்தையும் குறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஒரு கையுறையை எடுத்து விரித்தேன். "இது பிள்ளையோட வாய் உருவாகிற இடம், அதோட கூரைன்னு வச்சுக்குங்க." கீழேயிருந்து விரலால் அழுத்தியதும் ரப்பர் மேலே பை மாதிரி எழும்பியது. நாலாவது வாரத்தில் வாயின் கூரை இப்படித்தான் மூளையை நோக்கி எழும்புகிறது. 1838இல் இதை எழுதிவைத்த ஜெர்மானியர் ராத்கேயின் பெயரால் ராத்கே பை என்கிறோம். அதே சமயம் மூளையின் அடித்தளத்திலிருந்து ஒரு முளை கீழே இறங்கி வருகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு பிட்யூட்டரி ஆகின்றன. இரண்டாம் மாதக் கடைசிக்குள் பையின் காம்பு மெலிந்து, வாயோடு இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. அரை கிராம் எடையுள்ள அந்தச் சுரப்பியின் முன்பாகம் வாயின் பிள்ளை, பின்பாகம் மூளையின் பிள்ளை.

படிக்கிற காலத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பாடம் இது. வார்டில்தான் எனக்கு அது உயிர் பெற்றது. மூத்திரம் அளவுக்கு மீறிப் போகாமல் காக்கும் வாசோபிரெசினை, பிட்யூட்டரிக்கு மேலே மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் செய்து நரம்பிழை வழியாகப் பின்பாகத்துக்கு இறக்கிவிடுகிறது. அந்தத் தொடர்பு அடிபட்டால் சில மணி நேரத்திலேயே குடுவை நிறைந்துவிடும். முன்பாகம் கார்ட்டிசோலையும் தைராய்டையும் வளர்ச்சியையும் ஆள்கிறது. அது குறைந்தால் சோர்வாக, இரத்த அழுத்தம் தாழ்வதாக, வளராத உயரமாகத் தெரியவரும். ஒரே பட்டாணியளவு இடத்துக்கு நாங்கள் இரண்டு விதமாகக் காவல் இருக்கிறோம். மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிகிறதா என்று அறிய, மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுகிறதா, தொண்டையில் உப்புக் கரிக்கிறதா என்று வேறு அவனைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 1907இல் ஷ்லோஃபர் முதன்முதலாக மூக்கு வழியாகப் பிட்யூட்டரிக் கட்டியை எடுத்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும். அந்தப் பை ஏறிப்போன வழிக்குப் பக்கத்திலேயே நாம் திரும்பிப் போகிறோம்.

காம்பு அறும்போது வழியில் துணுக்குகள் தங்கிவிடுவதுண்டு. கிரேனியோஃபாரின்ஜியோமா என்ற இவன் கட்டி வந்தது அப்படிப்பட்ட துணுக்கிலிருந்துதான். பல் முளைக்கும் திசுவின் சாயல் இருக்கும், சுண்ணாம்பு படியும். புற்றுநோய் இல்லை.

அந்த அம்மா விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டார். எனக்கு அடிவயிறு கலங்கியது. நாள் தள்ளிப்போய் பத்து நாள் என்றால், கணக்கு அந்த நாலாவது வாரத்தில்தான் வந்து நிற்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஆமாங்கம்மா, அதே வாரம்தான். ஆனா அந்தப் பை எல்லாப் பிள்ளைக்கும் அந்த வாரம்தான் எழும்பும், நீங்க படுத்தே கிடந்திருந்தாலும். துணுக்கு தங்கறதும் உங்க பிள்ளைக்கு மட்டும் இல்ல. எத்தனையோ பேருக்கு வயசாகற வரைக்கும் சும்மா கிடக்கும், ஒண்ணும் பண்ணாது. இவனுக்கு அதுல ஒரு செல்லோட மரபணு தானா மாறிப்போச்சு. படியேறினா அது மாறாதும்மா."

அவர் பதில் பேசவில்லை. கையுறையை வாங்கி, நான் செய்தது போலவே விரலால் அழுத்திப் பார்த்தார். அடுத்த மணி அடித்ததும் எனக்கு முன்னால் எழுந்து குடுவையின் கோட்டைக் குனிந்து பார்த்தார்.

"நூத்தி இருவது, மிஸ்ஸி. எழுதிக்குங்க."