தாத்தா காக்கா ஆன வரை

எங்கள் மகளுக்குத் தாத்தாவும் தாத்தாதான், காக்காவும் தாத்தாதான். கை 'தை' ஆகும், மாங்கா 'மாந்தா' ஆகும். 3 வயது வரை வீட்டில் எல்லோரும் அதை ரசித்தோம். நாலரை வயதில் ஒருநாள், "அந்தத் தாத்தா இல்லப்பா, மேல பறத்துமே அது!" என்று அவள் தேம்பியழுதபோதுதான் எனக்கு உறைத்தது.

ஸ்பீச் தெரபிஸ்ட் முதலில் காதைப் பரிசோதிக்கச் சொன்னார். கேட்பதில் குறை எதுவும் இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு 4 வயதுக்குள் தானாகவே போய்விடும் பழக்கம் இது, இவளிடம் நின்றுவிட்டது என்றார்.

அதுவரை நான் செய்ததெல்லாம் எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்து "க... க... சொல்லு" என்று உரக்கச் சொன்னதுதான். அது ஏன் பலிக்கவில்லை என்று அவர் படம் வரைந்து காட்டினார். 'ப' சொன்னால் உதடு தெரியும், 'த' சொன்னால் பல்லருகே நாக்கு தெரியும். 'க'வுக்கு நுனிநாக்கு கீழேயே கிடக்க, பின்நாக்கு எழும்பி மேலே மெல்லிய அண்ணத்தை அடைத்துத் திறக்கிறது. தொல்காப்பியம் 'முதல்நா' என்று சொல்வது அந்தப் பின்பகுதியைத்தான். குழந்தை பார்த்துப் பழக வெளியே எதுவுமே இல்லை. உள்ளே உணர்ந்துதான் பிடிக்க வேண்டும்.

முதல் சில வாரங்கள் கேட்கும் பயிற்சி மட்டும். நான் 'காய்', 'தாய்' என்று சொல்லச் சொல்ல, அவள் சரியான படத்தைத் தொட வேண்டும். பிறகு தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்துச் சொல்லிப் பார்த்தாள். அப்படிப் படுத்தால் நாக்கு தன் பாரத்திலேயே பின்னால் சரியும். தண்ணீரைத் தொண்டையில் நிறுத்திக் கொப்பளித்தாள். நுனிநாக்கு எழும்பாதபடி ஸ்பூனால் லேசாக அழுத்திக்கொண்டோம். (ஆழமாக வைக்கக் கூடாது, குமட்டும்.)

முதலில் வந்தது 'க' இல்லை, 'ங்'. யோசித்தால் அதுதான் நியாயம். நாக்கு தொடும் இடம் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் 'க' நொடியில் வெடித்து மறைந்துவிடும். 'ங்' மூக்கு வழியாகப் போவதால் நீட்டிக்கொண்டே இருக்கலாம். அந்த நேரத்தில் நாக்கு எங்கே ஒட்டியிருக்கிறது என்று அவளால் கவனிக்க முடிந்தது. "ங்ங்ங்..." என்று இழுத்துச் சட்டென்று விட்டாள். 'ங்கா' வந்தது. அன்றே மாங்காவும் வந்தது. நான் எழுந்து வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்து கூ, கோ. 'கி'தான் கடைசி வரை மல்லுக்கட்டியது. குரல் எழுப்பாமல் 'கூ', 'கீ' என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள், 'கீ'க்கு நாக்கு தொடும் இடம் முன்னால் நகர்வது தெரியும். அது அவளுடைய பழைய 'த'வை நோக்கிய நகர்வு.

விளையாட்டு மும்முரத்தில் கிளி இன்னும் 'திளி' ஆகிறது. நான் திருத்துவதில்லை, "ஆமா, கிளி" என்று மட்டும் சொல்வேன். ஒரு நிமிடம் நின்று, "ஸ்பூன் எடுத்துட்டு வரவா?" என்று அவளே கேட்கிறாள்.