பெப்டைடு தானாகத் தெரியும் வரை

ஹெச்.எல்.ஏ-ஏ2 என்பது பெப்டைடுகளை, அதாவது புரதத் துணுக்குகளை, தன் பள்ளத்தில் ஏந்தி நோய் எதிர்ப்பு டி செல்களுக்குக் காட்டும் புரதம். கோவையில் இருந்தபடி அதை ஒரு பெப்டைடோடு படிகமாக்கி, அமைப்பு கண்டுபிடித்த வழி இது. 1992-ல் கார்போசி, ஹங், வைலி மூவரும் வெளியிட்ட முறைதான் அடிப்படை. ஈ.கோலை பாக்டீரியாவில் அந்தப் புரதத்தின் இரு பகுதிகளான ஹெவி செயினும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலினும் மடியாத கட்டிகளாக, இன்க்ளூஷன் பாடிகளாக வரும். 8 மோலார் யூரியாவில் கரைக்க வேண்டும். யூரியா அன்றன்று கரைத்ததாக இருக்கட்டும்; பழையதில் சயனேட் சேர்ந்து புரதத்தின் லைசின் அமினோ அமிலங்களைக் கெடுத்துவிடும்.

கரைத்ததைத் திரும்பச் சரியாக மடிய வைக்கும் ரீஃபோல்டிங் பஃபர் 1 லிட்டருக்கு: டிரிஸ் 100 மில்லிமோலார், ஆர்ஜினைன் 400, ஈ.டி.டி.ஏ 2, ஒடுக்கிய குளுடாதயோன் 5, ஆக்சிஜனேறியது 0.5. சிறுவாணித் தண்ணீர் குடிக்கத்தான்; பஃபருக்கு அயனி நீக்கிய நீர். பி.ஹெச் 8.0-ஐக் குளிர் அறையிலேயே வையுங்கள். வெயில்கால 30 டிகிரி அறையில் 8.0 வைத்த டிரிஸ், 4 டிகிரிக்குப் போனதும் 8.7-ஐத் தொடும். எங்கள் முதல் இரண்டு முயற்சியும் இதில்தான் போயின.

முதலில் பெப்டைடு 10 மில்லிகிராம், அடுத்து பீட்டா-2 25, கடைசியில் ஹெவி செயின் 30. ஹெவி செயினை மூன்று தவணையாக, 12 மணி நேர இடைவெளியில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் பால் போலத் திரிந்துவிடும். பெப்டைடு சரியில்லை என்றால் எதுவும் நிற்காது. ஏ2-வுக்குப் பெப்டைடின் இரண்டாம் இடத்தில் லூசின், ஒன்பதாம் இடத்தில் வாலின் அல்லது லூசின் பிடிக்கும். சந்தேகம் வந்தால், நன்றாக ஒட்டும் என்று தெரிந்த இன்ஃப்ளுயன்சா பெப்டைடை வைத்துப் பக்கத்திலேயே ஒரு ரீஃபோல்டிங் போடுங்கள். அதுவும் விழுந்தால் கோளாறு பஃபரில்.

புரதங்களை அளவுப்படி பிரிக்கும் சூப்பர்டெக்ஸ் 75 குழாயில் முதலில் வருவது திரண்ட குப்பை, அடுத்து 45 கிலோடால்டன் கூட்டுப்புரதம், பின்னால் தனி பீட்டா-2. போட்டதில் பத்தில் ஒரு பங்கு தேறினாலே நல்ல விளைச்சல்.

மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராமாகச் செறிவூட்டி, படிகமாக்க உதவும் பி.ஈ.ஜி (பாலிஎத்திலீன் கிளைகால்) கரைசல் வரிசையில், புரதம் 1 மைக்ரோலிட்டருக்குக் கரைசல் 1 என்று தொங்கு சொட்டு வைத்தோம். கரண்டு போய் ஏ.சி நின்றால் 20 டிகிரி 28 ஆகி, முளைத்த படிகம் கரைந்துவிடும். தட்டுகளைத் தெர்மாகோல் பெட்டியில், சுற்றிலும் தண்ணீர் பாட்டில்களோடு வைத்த பிறகுதான் அவை நிலைத்தன. கிடைத்ததை ஊசியால் தொட்டுப் பாருங்கள்: உப்பு கடினமாகக் கீறும், புரதம் பொடிந்துபோகும்.

கிளிசரால் 20 சதம் சேர்த்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, எக்ஸ்-கதிர் படம் எடுக்க இந்தோரிலுள்ள இண்டஸ்-2 சின்க்ரோட்ரானுக்குக் கொண்டுபோகலாம். கொண்டுபோகும் கலன், காங்கேயம் காளையின் உறைவிந்து இருக்கும் கலன் மாதிரிதான், ஆனால் நைட்ரஜனை உள்ளுக்குள் உறிஞ்சி வைப்பது. முந்தின நாளே நிரப்பி, மிச்சத் திரவத்தைக் கொட்டிவிட்டு எடை போடுங்கள். கலனைப் படுக்கவைத்தால் குளிர் சீக்கிரம் போய்விடும்.

தெரிந்த அமைப்பை மாதிரியாக வைத்துப் புதியதைத் தீர்க்கும் மாலிக்யுலர் ரீபிளேஸ்மென்டுக்கு எடுக்கும் மாதிரியிலிருந்து பெப்டைடை நீக்கிவிடுங்கள். இருந்தால், இல்லாத பெப்டைடும் இருப்பதுபோல் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தில் தெரியும். 1987-ல் பியோர்க்மன் குழு ஏ2-வின் பள்ளத்தில் கண்ட இனம் தெரியாத அடர்த்தியே பெப்டைடுகள் அங்கே உட்காரும் என்பதைக் காட்டியது. உங்கள் வரைபடத்திலும் அது தானாக எழ வேண்டும். இரு முனைகளும் தெளிவாக வரும். டி செல்லை நோக்கிப் புடைத்து நிற்கும் 4, 5-ஆம் இடங்கள் மங்கலாக இருந்தால், பக்கச்சங்கிலியை அங்கே கட்டாதீர்கள்.