நீங்கள் ஒருத்தரும் வருவதில்லை

"நீங்கள் ஒருத்தரும் வருவதில்லை" என்று கீழ்வீட்டு முதியவர் படிக்கட்டில் வைத்துச் சொன்னார். நாங்கள் ஒஸ்லோவில் அந்த வீட்டை வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. 'நீ வரவில்லை' என்றிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். 'ஒருத்தரும்' என்ற சொல்தான் தைத்தது. மேல்வீட்டுச் சோமாலியக் குடும்பம், எதிர்வீட்டுப் பாகிஸ்தான் அம்மா, நான், எல்லாரும் அதற்குள் ஒரே மூட்டை.

அவர் சொன்னது டுக்னாட்டை. மே 17 நோர்வேயின் தேசிய நாள். அதற்கு முன்னால் ஒரு மாலையில் குடியிருப்பில் உள்ளவர்கள் கீழே இறங்கி, பனிக்காலத்தில் வழுக்காமலிருக்கப் போட்ட சரளையைக் கூட்டி, பழைய இலைகளை வாரி, வாங்குகளுக்குப் பெயின்ற் அடிப்பார்கள். கூலி கிடையாது. 2004இல் தேசியச் சொல்லாகத் தேர்வானது இந்தச் சொல்தான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாட்டை மூடியபோது பிரதமர் எர்னா சோல்பேர்க் மக்களிடம் கேட்டதும் இதைத்தான். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு எங்கள் படிக்கட்டில் ஒட்டிய தாள் நோர்வேஜிய மொழியில் மட்டும் இருந்தது. தண்ணீர் வெட்டு அறிவித்தல் என்று நினைத்துக் கடந்து போயிருந்தேன்.

சிரமதானம் தெரியாதவளா நான்? கொடியேற்றத்துக்கு முதல் கிழமை எங்கள் ஊரே மண்வெட்டியும் கடகமுமாகக் கோயில் வீதியில் நிற்கும். பற்றை வெட்டுவோம், கேணி இறைப்போம். பத்து மணிக்குப் பிளேன்ரீயும் பணிஸும் வரும்.

அடுத்த வசந்தத்தில் நிர்வாக சபையில் இருந்த ஓர் இளம்பெண்ணிடம் போய்ப் பேசினேன். மாலை என்றால் துப்புரவு வேலைக்குப் போகிறவர்களால் வர முடியாது, சனிக்கிழமை வையுங்கள் என்றேன். சொசேஜ் பன்றியில்லாததாகவும் இருக்கட்டும் என்றேன். தாள் நாலு மொழியில் போனது. தமிழில் நானே எழுதினேன்: 'டுக்னாட், அதாவது எங்கள் சிரமதானம்.' முற்றம் நிறைந்தது.

சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எதிர்வீட்டு அம்மா குப்பைவாரியைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னார்: "கையில் வாரியைத் தந்தார்கள். என்ன நடுவது என்று கேட்கவில்லையே." அவர் சொன்னது நியாயம். எங்கள் குடியிருப்பு ஒரு கூட்டுறவு. அதன் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில், வீடு வாங்கிய பங்குக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு உண்டு. அந்த வருடம் நாங்கள் எல்லாரும் போனோம். அந்த அம்மா நிர்வாக சபைக்குத் தெரிவானார். இப்போது ரோஜாவுக்குப் பக்கத்தில் புதினாவும் மல்லியும் நிற்கின்றன. கீழ்வீட்டு முதியவர்தான் தண்ணீர் ஊற்றுகிறார், புதினாவை எப்போது வெட்டுவது என்று அந்த அம்மாவிடம் கேட்டுக் கேட்டு.

இனி இதுவும் என் ஊர்தான் என்று என் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். ஆனால் டுக்னாட் அன்று இங்கே பணிஸ் கொடுப்பார்கள், ஏலக்காய் போட்ட பணிஸ். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் கேணிக்கட்டில் நிற்கிறேன். கேணிக்குள் இறங்கிச் சேறு அள்ளியவர்கள் சிலருக்குத் தேநீர் வேறு பேணியில் போகும். கோயில் சபைக் கூட்டத்தில் அவர்களில் ஒருவரும் இருந்ததில்லை. 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில், சாதியால் தடுக்கப்பட்டு, உள்ளே விடுங்கள் என்று நின்று போராடியவர்களைப் பற்றி நான் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் எங்கள் கோயிலில் அந்தப் பேணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தது, எட்டு வயதில், நான்.

ஒரு படிக்கட்டுச் சொல் என்னை ஒரு வருடம் தூங்கவிடவில்லை. அவர்கள் எத்தனை வருடம் அதைக் குடித்தார்கள்?

போன சனிக்கிழமை கோப்பி ஊற்றியது நான்தான். ஒரே மாதிரிக் காகிதக் குவளைகள், மேசை நிறைய. முதல் குவளையை யாரிடம் நீட்டுகிறேன் என்று இன்னும் பார்த்துக்கொண்டுதான் நீட்டுகிறேன்.