எலும்பில் இருப்பது யாருடையது

மார்ச் 3
புதைபடிவ எலும்புத் துண்டை, உள்ளே அந்த விலங்கின் புரதம் ஏதும் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, தாதுவைக் கரைக்கும் ஈடிடிஏ கரைசலில் ஊறப் போட்டாயிற்று. தாது கரையும்வரை சும்மா இருக்க வேண்டும். அதுதான் எனக்கு வராது.

மார்ச் 19
ஓரம் பழுப்பாக, ஜவ்வு மாதிரி. ஊசியால் தொட்டேன், வளைந்து கொடுத்தது.

மார்ச் 20
தூக்கமே இல்லை. 2005இல் மேரி ஷ்வைட்சர் 6.8 கோடி வருஷத்து டி. ரெக்ஸ் தொடை எலும்பைக் கரைத்து, இழுத்தால் நீளும் ரத்தக் குழாய்களைக் காட்டினார். 2008இல் இன்னொரு குழு, அது குழாயே இல்லை, பாக்டீரியாப் படலம் என்றது. 2017இல் எலும்புப் புரதமான கொலாஜனின் வரிசைகளைத் திரும்பப் பார்த்தவர்கள், இன்றைய நெருப்புக்கோழியோடு ஒத்துப்போகிறது, ஆய்வகத்திலேயே கலந்திருக்கலாம் என்றார்கள். பறவையும் டைனோசர் வம்சம்தானே, ஒத்துப்போனால் என்ன? சரி, ஆனால் அச்சு அசலாக ஒத்துப்போனால்?

மார்ச் 24
ரத்தத்திலுள்ள இரும்புதான் திசுவைக் கெடாமல் காக்கிறது என்கிறார்கள், அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நெருப்புக்கோழியின் ரத்தக் குழாய்களைச் சிவப்பணுச் சாற்றில் ஊறவைத்தார்கள், இரண்டு வருஷம் கெடவில்லை. வெறும் தண்ணீரில் போட்டவை சில நாளிலேயே அழுகின. நம்பத்தான் ஆசை. ஆனால் இரண்டு வருஷம் எங்கே, கோடி வருஷம் எங்கே?

மார்ச் 25
புரதத் துணுக்குகளை எடைபார்த்து இனங்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இன்றும் கிடைக்கவில்லை.

மார்ச் 29
டி.என்.ஏ. வருமா என்று ஒருவர் கேட்டார், மறுபடியும். அழிந்துபோன மோவாப் பறவையின் எலும்புகளில் டி.என்.ஏ.வின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 521 வருஷம். கிரீன்லாந்தில் 20 லட்சம் வருஷம் தாக்குப்பிடித்தது உறைபனியின் புண்ணியம். 1994இல் டைனோசர் டி.என்.ஏ. என்று வந்த அறிவிப்பு கடைசியில் மனித டி.என்.ஏ.வில் போய் முடிந்தது. இதையெல்லாம் சொல்லப் பொறுமையில்லை, வராது என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 2
கொழுப்பை ஆராய்பவர்கள் மேல் பொறாமை. ரஷ்யாவின் வெள்ளைக் கடல் பக்கத்து டிக்கின்சோனியா என்ற தொல்லுயிர், 55.8 கோடி வருஷம், அதில் கொலஸ்ட்ராலின் கார்பன் சட்டகம் அப்படியே நிற்கிறது. விலங்குதான் என்று அடித்துச் சொல்ல அது போதுமாக இருந்தது. புரதத்துக்குத் தண்ணீர் பட்டாலே போதும், சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக அறும்.

ஏப்ரல் 8
முடிவு வந்துவிட்டது. முதலில் கெரட்டின், குவியலாக. எங்கள் தோல்தான், எலும்பே போடாமல் ஓட்டிய பிளாங்கிலும் இருக்கிறது. அப்புறம் கொலாஜன், சில துணுக்குகள் மட்டும். பிளாங்கில் அது இல்லை! இரண்டு முறை திறந்து பார்த்தேன். அதிலுள்ள குளுட்டமைன் என்ற அமினோ அமிலங்கள் பெரும்பாலும் குளுட்டமிக் அமிலமாகியிருக்கின்றன, அதாவது பழசு. எவ்வளவு பழசு என்று மட்டும் அது சொல்லாது.

ஏப்ரல் 9
மீதித் துண்டை வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அங்கே நெருப்புக்கோழி எலும்பு ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.