எழுதுமட்டுவாள் பற்றைக்குள் ஒரு இரட்டை நிறப் பூ

யாழ்ப்பாணத்துக் கண்டி வீதியில் எழுதுமட்டுவாள் தாண்டினால் இரண்டு பக்கமும் முட்பற்றைதான். அதற்குள் ஆளுயரத்தில் செடி ஒன்று பூத்து நின்றதைக் கண்டு மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டினேன். குஞ்சம் மாதிரித் தலைகீழாகத் தொங்குகிற பூக்கதிர், அதில் மேல்பாதி இளஞ்சிவப்பு, கீழ்பாதி நல்ல மஞ்சள். அவ்வளவு அழகு!

இலை தொட்டாச்சுருங்கி இலை போலப் பொடிப்பொடியாக இருந்தது, ஆனால் தொட்டால் சுருங்கவில்லை. சரி, அந்தக் குடும்பம்தான். ஆனால் கருவேலுக்கு மஞ்சள் உருண்டைப் பூ, இப்பில் இப்பில் என்கிற சவுண்டலுக்கு வெள்ளை உருண்டை, சீமைக்கருவேலுக்கு முழுக்க வெளிர்மஞ்சள் கதிர், இரண்டு நிறம் எதற்கும் கிடையாது. முள்ளும் வேறு. சீமைக்கருவேலில் முள் இலையடியில் இருக்கும், இதிலோ பக்கச் சிறுகிளையின் நுனியே கூராகி முள்ளாகிவிடுகிறது, அந்த முள்ளிலேயே இலையும் துளிர்க்கிறது. காய்கள் முறுக்கிச் சுருண்டு கொத்தாகக் கிடந்தன.

கொக்கத்தடியோடு ஆட்டுக்குக் குழை வெட்ட வந்த ஐயா ஒருவரிடம் கேட்டேன். “இது விடத்தலெல்லோ தம்பி, காயையும் ஆடு விட்டு வைக்காது” என்றார். தாவரவியல் பெயர் டைக்ரோஸ்டாகிஸ் சினேரியா. வீட்டுக்கு வந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது பூ, முள், காய் எல்லாமே பொருந்தின.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டு நிறத்தின் காரணம். இளஞ்சிவப்புப் பூக்கள் மலட்டுப் பூக்கள், பூச்சிகளைக் கூப்பிடுவதுதான் அவற்றின் வேலை, காய் பிடிப்பது மஞ்சள் பூக்களில்தான். நாள் போகப்போக இளஞ்சிவப்பு வெளுத்துவிடும், அதனால் ஒரே செடியில் வெள்ளையும் மஞ்சளுமான கதிர்களைக் கண்டால் வேறு இனம் என்று நினைக்காதீர்கள். படம் எடுக்கும்போது பூவோடு நிற்காமல் முள்ளையும் காயையும் கிட்டவாக எடுங்கள், பெயர் பிடிக்க அவைதான் உதவும்.

அழகாக இருக்கிறது என்று வளவுக்குள் நட வேண்டாம். வேரிலிருந்து புதுக்கன்று வெடித்துக்கொண்டே இருக்கும், வெட்டினாலும் திரும்பத் தழைக்கும். வெளியிலிருந்து போய்ச் சேர்ந்த கியூபாவில் இது விளைநிலங்களையே மூடிவிட்டது. அங்கே அதை வெட்டிக் கரி சுடுகிறார்கள், 2017இல் அரை நூற்றாண்டுக்குப் பிறகு கியூபா அமெரிக்காவுக்கு முதன்முதலில் ஏற்றுமதி செய்த பொருளே அந்தக் கரிதான். இங்கே அது இந்த மண்ணுக்கே உரிய செடி, வீதியோரத்தைத் துப்புரவாக்குகிறவர்கள் இதில் ஒன்றிரண்டையாவது விட்டுவைக்க வேண்டும்.