நூறு டாலர் பாக்கி

நயாகரா பார்க்கப் போகிற நம்மவர்கள் யாரும் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரில் இறங்குவதாகத் தெரியவில்லை, பெட்ரோல் போட நிறுத்தினால் உண்டு. 2024 ஜூனில் அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது நாங்களும் அப்படித்தான் தாண்டிப் போனோம். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது, டப்பாவில் இருந்த புளியோதரையும் தீர்ந்துவிட்டது, எங்கேயாவது தங்கித்தான் ஆக வேண்டும் என்றானபோது நான் மேடிசன் தெரு 17-ஆம் எண் வீட்டைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தேன். "யாரு வீடுட்டி அது?" என்றார் அம்மா. பொம்பளைக்கு ஓட்டு வேணும்னு சண்டை போட்ட அம்மா வீடு என்றேன். "இங்கேயுமா சண்டை போட்டாங்க?" என்று கேட்டார் பாருங்கள், அதிலேயே ரூம் போட்டாயிற்று.

சூசன் பி. ஆன்டனி 1866-லிருந்து 1906-ல் கண் மூடும்வரை இருந்த வீடு அது. செங்கல் வீடு, முன்னால் சின்னத் திண்ணை மாதிரி ஒரு வராந்தா, பெரிசாக ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்தில் இன்னமும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், எதிர்வீட்டில் யாரோ குப்பைத் தொட்டியை இழுத்துப் போய்க்கொண்டிருந்தார். டிக்கெட் பக்கத்து வீட்டில். அது அவர் தங்கை ஹன்னாவின் வீடாக இருந்ததாம். எங்களுக்குச் சுற்றிக் காட்ட வந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி. வந்ததும் முதலில் அம்மாவின் இடது கையைத்தான் பார்த்தார். ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்ட மை நகத்தில் பாதிக்கு ஏறி நின்றுகொண்டிருந்தது. என்ன காயம் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் கையைப் பிடித்து நகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்களுக்கு வெறும் ஸ்டிக்கர்தான் தருகிறார்கள் என்றார்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. அதனால் கீழே முன் அறையிலேயே கதையைச் சொன்னார் பாட்டி. நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் கதை நடந்ததே அந்த அறையில்தான்.

1872 நவம்பர் 1. ஒரு சலூனில் வாக்காளர் பதிவு நடந்துகொண்டிருக்கிறது. சூசன் தன் சகோதரிகளோடு உள்ளே போய் எங்கள் பேரையும் எழுதுங்கள் என்கிறார். முடியாது என்ற அதிகாரிகளிடம் அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தத்தைப் படித்துக் காட்டுகிறார். இந்த நாட்டில் பிறந்தவர்கள் எல்லோரும் குடிமக்கள் என்று 1868-ல் எழுதி வைத்தீர்களே, நான் குடிமகள் இல்லையா? பெயரைச் சேர்க்காவிட்டால் உங்கள்மேல் வழக்குப் போடுவேன் என்றும் ஒரு மிரட்டல். சேர்த்துவிட்டார்கள். நவம்பர் 5 காலையில் போய் ஓட்டும் போட்டுவிட்டார், கூடவே அந்த வட்டாரத்துப் பெண்கள் பதினான்கு பேர்.

நவம்பர் 18 அன்று ஒரு அதிகாரி இந்த அறைக்கு வந்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நெளிந்திருக்கிறார். ஆணைக் கைது செய்தால் எப்படிக் கூட்டிப்போவீர்களோ அப்படியே என்னையும் கூட்டிப் போங்கள் என்று கையை நீட்டினாராம் சூசன். விலங்கு போட அவருக்கு மனசு வரவில்லை. குதிரை டிராமில் ஏறினார்கள், கண்டக்டர் வந்து காசு கேட்டார். "நான் அரசாங்கச் செலவில் போகிறேன், இவரிடம் கேளுங்கள்" என்று அதிகாரியைக் காட்டிவிட்டார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே சிரித்தார் என்பதால், கையை நீட்டிக் காட்டிய பாட்டியின் நடிப்புக்கே பாதிப் பெருமை போக வேண்டும்.

அதற்கப்புறம் நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. விசாரணைக்கு முன்னால் மன்ரோ கவுண்டியில் இருந்த 29 ஊர்களுக்கும் போய், குடிமகள் ஓட்டுப் போட்டால் குற்றமா என்று கூட்டம் போட்டுப் பேசினார். ஜூரிகள் இதே ஊர்க்காரர்கள்தானே, மனசு மாறிவிடுவார்கள் என்று பயந்து, வழக்கைப் பக்கத்து கவுண்டிக்கு, கனண்டெய்குவா என்ற ஊருக்கு, மாற்றிக்கொண்டு போனது அரசுத் தரப்பு. 1873 ஜூன். நீதிபதி வார்டு ஹன்ட் தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார், ஜூரிகளைப் பேசவே விடாமல் குற்றவாளி என்று சொல்லச் சொல்லிவிட்டார். அபராதம் 100 டாலர். உங்களுடைய அநியாய அபராதத்தில் ஒரு டாலர்கூடக் கட்ட மாட்டேன் என்று நின்ற இடத்திலேயே சொன்னார் சூசன்.

கட்டாவிட்டால் ஜெயில் என்றுதானே வரும்? வரவில்லை. ஜெயிலில் போட்டால் அதை வைத்தே உச்சநீதிமன்றத்துக்குப் போய்விடுவார் என்று அந்த நீதிபதிக்குத் தெரிந்திருந்தது. இதற்கு முன்னால் ஜாமீன் விஷயத்திலும் இதேதான். கட்ட வேண்டாம், ஜெயிலுக்கே போகிறேன் என்று அவர் சொல்லியும், வக்கீல் ஹென்றி செல்டன் மனசு கேட்காமல் தன் கைக்காசைக் கட்டிவிட்டார். மரியாதைக்குரிய ஒரு பெண்மணி சிறையில் இருப்பதா என்று அவருக்கு. எனக்கு அந்த நீதிபதியைவிட இந்த நல்ல மனுஷர்மேல்தான் அதிகம் எரிச்சல் வந்தது. நம் வீடுகளிலும் இப்படி நல்லெண்ணத்தாலேயே வழி மறிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

"அப்ப அந்த நூறு டாலரு?" என்றார் அம்மா. கடைசிவரை கட்டவில்லை என்றேன். 2020-ல் டிரம்ப் மன்னிப்பு வழங்கியபோது, மன்னிப்பு என்று ஏற்றால் குற்றம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், வேண்டாம் என்று இந்த அருங்காட்சியகம் மறுத்ததையும் சொன்னேன். அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். ரேஷன் கடையில் ஒரு ரூபாய் மீதிக்கு அரை மணி நேரம் நிற்கிறவர், அவருக்குப் புரியாதா.

மாடிக்கு நான் மட்டும் ஏறினேன். மேல்தளத்து அறையை வயதான காலத்தில் வேலை செய்வதற்கென்றே கட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, எனக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்னப் பூங்கா. அதில் சூசனும் ஃபிரெடரிக் டக்ளஸும் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வெண்கலச் சிலை, லாவோஸில் பிறந்த பெப்சி கெட்டவாங் செய்தது. அடிமையாக இருந்து தப்பி வந்து இதே ஊரில் பத்திரிகை நடத்தியவர் டக்ளஸ். பார்த்தால் அத்தனை இதமாக இருக்கிறது, ஆனால் சிலை சொல்லாத கதை ஒன்று உண்டு. கறுப்பின ஆண்களுக்கு மட்டும் ஓட்டுரிமை தரும் திருத்தம் வந்தபோது சூசன் அதைக் கடுமையாக எதிர்த்தார், 1869-ல் இயக்கமே இரண்டாக உடைந்தது. 1895-ல் அட்லாண்டாவில் மாநாடு வைத்தபோது தென்மாநிலத்து வெள்ளையர் முகம் சுளிப்பார்களே என்று டக்ளஸை வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவரும் இதே சூசன்தான். அதே வருஷம் பிப்ரவரி 20-ஆம் தேதி வாஷிங்டனில் பெண்கள் கூட்டம் ஒன்றில் இருவரும் கலந்துகொண்டார்கள், அன்று சாயங்காலமே டக்ளஸ் இறந்துபோனார். சிலையைப் போட்டோ எடுக்க வைத்திருந்த போனை நான் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எடுத்தேன்.

இருவரும் மவுன்ட் ஹோப் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். ஒட்டினாற்போல ரோசெஸ்டர் பல்கலைக்கழகம், நம் பிள்ளைகளும் படிக்கிற இடம். 1900-ல் பெண்களைச் சேர்க்க நிர்வாகம் பணம் கேட்டு, கடைசி நாளில் 2,000 டாலர் குறைந்தபோது, எண்பது வயதில் சூசன் தன் இன்ஷூரன்ஸ் பாலிசியையே எழுதிக் கொடுத்தார். ஓட்டுரிமைத் திருத்தம் நிறைவேறியது 1920-ல், அவர் போய்ப் பதினான்கு வருஷம் கழித்து. (மறு வருஷமே சென்னை மாகாண சட்டசபை, சொத்து உள்ள பெண்களுக்கு ஓட்டு என்று தீர்மானம் போட்டது.)

கல்லறை சிறிசு. என் இடுப்பு உயரம்கூட வராத வெள்ளைக் கல், பேர், பிறந்த தேதி, இறந்த தேதி, வேறு ஒரு வரி கிடையாது. தேர்தல் நாளில் ஓட்டுப் போட்ட பெண்கள் வரிசையில் நின்று தங்கள் ஸ்டிக்கரை இதில் ஒட்டிவிட்டுப் போவார்கள். பசையால் சலவைக்கல் கெடுகிறதென்று 2020-ல் பிளாஸ்டிக் உறை போட்டார்கள். நாங்கள் போன அன்று ஸ்டிக்கர் எதுவும் இல்லை, மழைத் தண்ணீர்தான் வழிந்துகொண்டிருந்தது.

என் கணவர் எப்போதோ சில்லறையில் வந்ததென்று ஒரு டாலர் நாணயம் வைத்திருந்தார். 1979-ல் சூசன் முகம் போட்டு வந்தது, கால் டாலர் மாதிரியே இருக்கிறதென்று ஜனங்கள் ஏமாந்து, யாருக்கும் பிடிக்காமல் போன நாணயம். அதை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, "நூறுல ஒண்ணு கழிச்சுக்கிடட்டும்" என்றார்.

"ஒரு டாலர்கூடக் கட்ட மாட்டேன்னுல்லாம்மா சொன்னாங்க."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று நாணயத்தை எடுத்து முந்தானையில் துடைத்து, சுருக்குப்பைக்குள் போட்டுக்கொண்டார்.