வால்பாறை பங்களாவில் ஒரு கொலை: மேடைக்குப் பின்னாலிருந்து

சபா நாடகங்களுக்கு லைட்டும் சவுண்டும் பார்த்தே என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போயிருக்கிறது. குடும்பக் கதை, புராணம், சிரிப்பு நாடகம் என்று எல்லாம் செய்திருக்கிறேன். எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது, மேடைக் கலைஞர்கள் ஒரு மலை பங்களாவில் மாட்டிக்கொள்ளும் கொலைக் கதை ஒன்று. மர்மமும் நையாண்டியும் சேர்ந்த நாடகம். இரண்டும் ஒரே மேடையில் ஏறினால் ஒன்று மற்றதன் காலை வாரிக்கொண்டே இருக்கும்.

கதை வால்பாறையில் நடக்கிறது. கோயில் திருவிழாவுக்குக் கச்சேரி செய்ய வந்த மெல்லிசைக் குழு, ஒரு மிமிக்ரி கலைஞர், ஒரு டிவி தொகுப்பாளினி, ஒரு பட்டிமன்ற நடுவர், இவர்களையெல்லாம் பேசி அழைத்து வந்த ஏஜென்ட். அடைமழையில் மண் சரிந்து பாதை அடைபடுகிறது. ஆழியாறு பக்கத்திலிருந்து ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் ஓரிடம் அடைத்தாலும் மேலே இருப்பவர்கள் மேலேதான். கோவைப் பக்கத்து ரசிகர்கள் உடனே கேட்பார்கள், மளுக்குப்பாறை வழியாகச் சாலக்குடிக்கு இன்னொரு ரோடு இருக்கிறதே என்று. அது காட்டு வழி, இரவில் செக்போஸ்ட்டில் வண்டி விடமாட்டார்கள். அதற்காகவே பங்களா வாட்ச்மேனுக்கு ஒரு வசனம் சேர்த்தோம்.

செல்போனை என்ன செய்வது என்று நீண்ட நாள் பேசினோம். டவர் போய்விட்டது என்று ஒரு வரியில் முடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. கடைசியில் மாடி ஜன்னல் ஓரத்தில் மட்டும் சிக்னல் கிடைக்கும் என்று வைத்தோம். போலீசுக்குத் தகவலும் போய்விடுகிறது. விடிந்து, மண்ணை அள்ளிய பிறகுதான் வர முடியும் என்கிறார்கள். அதுவரை ஒவ்வொருவராக அந்த ஜன்னலுக்குப் போய், தான் போட்ட இரங்கல் வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எட்டிப்பார்ப்பார்கள். தனிமைக்கான ஏற்பாடும் நையாண்டியும் அந்த ஒரு ஜன்னலில் சேர்ந்துவிட்டன. இந்த நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

செத்துப்போவது ஏஜென்ட். எல்லோருக்கும் அவர் பேலன்ஸ் பணம் தர வேண்டும், அதனால் எல்லோர் மேலும் சந்தேகம். பட்டிமன்ற நடுவர் விசாரணையைக் கையில் எடுத்து, "இந்தக் கொலைக்குப் பெரிதும் காரணம் பணமா, பகையா?" என்று இரண்டு அணியாகப் பிரித்துவிடுவார். தி.நகர் வாணி மகாலில் அந்தக் காட்சிக்குக் கைதட்டல் அடங்க நேரமாகும்.

விடையைச் சொல்லாமல் மேற்கொண்டு எழுத முடியாது, சொல்லிவிடுகிறேன். ஏஜென்ட் இறந்த பிறகும் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்கிறது. எல்லோரும் மிமிக்ரி கலைஞரைத்தான் சந்தேகப்படுவார்கள். கொன்றவர் வயதான பாடகர். காலமெல்லாம் டி.எம்.எஸ். குரலில் பாடியே பிழைத்தவர். பாடுகிறவர் என்றே நினைப்பதால், அவரும் இன்னொருவர் குரலில்தான் வாழ்கிறார் என்பது யாருக்கும் தோன்றாது.

துப்பு முதல் காட்சியிலேயே இருக்கிறது. பாடகர் ஏஜென்ட் மாதிரியே கர்ஜித்து, "டேய், டீ எங்கடா?" என்பார். அரங்கம் சிரிக்கும். உடனே மிமிக்ரி கலைஞர், "அண்ணே, என் பொழப்புல கை வைக்காதீங்க" என்பார். இரண்டாவது சிரிப்பு. இந்த இரண்டாவது வரி பார்வையாளர் காதில் விழுந்தே ஆகவேண்டும். விழாவிட்டால், முதல் வரி வெறும் ஜோக்காகப் போய்விடும். கடைசியில் "எங்களிடம் சொல்லவே இல்லையே" என்பார்கள், அது நியாயமான கோபம். சிரிப்பு ஒவ்வொரு ஹாலிலும் ஒவ்வொரு நீளம். நடிகர் அது இறங்கும் வரை பொறுத்து வரியைச் சொல்வார், நான் இடிச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் விரலை வைத்தபடி அவர் உதட்டையே பார்த்திருப்பேன். இடி அரை நொடி முந்தினாலும் துப்பு போச்சு.

கதவுக்குப் பின்னாலிருந்து வரும் குரலை ரெக்கார்டு செய்து போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் மறுத்தேன். ஒலிபெருக்கியில் போட்டால் குரல் பக்கவாட்டுப் பெட்டியிலிருந்து வரும், கதவிலிருந்து வராது. கண் ஒரு பக்கமும் காது ஒரு பக்கமும் போனால் ரசிகர் ஏமாற மாட்டார். பாடகராக நடித்தவரே இருட்டில் செட்டுக்குப் பின்னால் ஓடிப்போய், மைக் இல்லாமல் பேசினார்.

முதல் வடிவத்தில் அந்தப் பாடகர் வெறும் கேலிப் பொருள். சாயம் போன கோட்டு, தொண்டைக்கு மிளகு, பழைய பெருமை. சுருதி சொல்லிக்கொடுக்க நிஜமான ஆர்க்கெஸ்ட்ரா பாடகர் ஒருவர் ஒத்திகைக்கு வந்தார். முழுவதும் கேட்டார், நன்றாகச் சிரித்தார். டீ குடிக்கும்போது, "பேலன்ஸ் வாங்காம ராத்திரி பஸ் ஏறுறது இதுல இல்லையே தம்பி" என்றார். குறையாகச் சொல்லவில்லை, விட்டுப்போனதை எடுத்துக் கொடுப்பது போலத்தான் சொன்னார். கோட்டுக்கு வைத்த ஜோக்குகள் அன்றே நீக்கப்பட்டன. வீடியோ பார்க்கிற ஆசை, கைதட்டல் பசி, கேமரா வந்ததும் தானாக வரும் அழுகை, இவற்றின் மேல் வைத்த கிண்டலெல்லாம் அப்படியே இருந்தது. ஒருவரின் ஆணவத்தைக் கிண்டல் செய்யலாம். அவர் வயிற்றுப்பாட்டைக் கிண்டல் செய்ய நமக்கு உரிமை இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் இயக்குநர் பழைய ஆள். ஒத்திகையில் வரி மாறும்போதெல்லாம் ஒரு கணம் தயங்குவார். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடகப் பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்கவேண்டிய காலத்தில் வளர்ந்தவர். 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. பிரதியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாட்களில் இப்படி ஒரு டீ நேரப் பேச்சை மேடைக்குக் கொண்டுவருவது சுலபமில்லை என்பார் அவர்.

முடிவில்தான் பெரிய சண்டை. அகதா கிறிஸ்டி 1939-ல் எழுதிய தீவுக் கொலை நாவலில் ஒருவரும் மிஞ்சுவதில்லை. 1943-ல் மேடைக்கு வந்தபோது அவரே மாற்றி இருவரைப் பிழைக்க வைத்தார். அதைச் சொல்லி, நம் கதையும் சிரிப்பில் முடியட்டும் என்றது ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. கடைசியில் பாடகர் பிடிபட்ட பின், ஏஜென்ட்டின் பையைத் திறந்தால் எல்லோருடைய பேலன்சும் பெயர் எழுதிய கவர்களில் இருக்கிறது, பாடகருடைய கவர் மட்டும் இல்லை. அந்த இடத்தில் இசை வேண்டாம், பொது வெளிச்சமே போதும் என்று கேட்டு வாங்கினேன்.

இப்போது எங்கள் குழு அதைப் போடுவதில்லை. வேறு குழுக்கள் ஸ்கிரிப்ட் கேட்பார்கள், நேரம் அதிகம், எங்கே வெட்டலாம் என்பார்கள். பட்டிமன்றத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டுங்கள், கவர் காட்சியில் கை வைக்காதீர்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.